உதாரணத்துப் பொம்பளை

வேகவச்ச சேப்பங்கிழங்குக்குத் தொலி உரிக்கிற மாதிரி எம்மேல இருந்து ஈரச்சேலையை உரிச்சுக்கிட்டு இருக்கா நித்திலா, ஒரு பக்கம் இழுத்தா மறுபக்கம் ஒட்டிக்கிடுது. வெறும் தண்ணின்னாலும் பரவாயில்ல, பாலையும் பன்னீரையும் சேத்துல்லா ஊத்தியிருக்கு, கழுத்து மடிப்புல பால் காஞ்சு பிசுபிசுங்குது, இன்னுங் கொஞ்சம் போனா புளிச்ச வாடை அடிச்சிரும். மணவடையில ரெண்டு பேரையும் மரப்பலகையில உக்கார வச்சு, தலைக்கு மேல சல்லடையப் புடிச்சுக்கிட்டு, சொந்தக்காரன் அத்தனை பேரும் வரிசையில வந்து ஆளுக்கொரு செம்பு. இதுல எந்நாத்தனா சொர்ணம் இருக்காளே, அவ மட்டும் சல்லடைய விட்டுட்டு நேரா எங்காதுக்குள்ள ஊத்துனா, கேட்டா கை நடுங்கிட்டுங்கா, அவளுக்குக் கை நடுங்கி நான் பாத்ததே இல்ல, அடுத்த வீட்டுக் கருவேப்பிலைய ஒடிக்கும்போதுகூட நடுங்காது. அதோட போச்சா, அட்சதை வேற. ஈரத்துல மஞ்சளரிசி அங்கங்க ஒட்டிக்கிட்டு, ஒரு மணி வாய்க்குள்ள போயி கடவாப்பல்லுல மாட்டிக்கிட்டு. நாக்கால நோண்டுதேன் வரமாட்டேங்குது. மஞ்சக் கசப்பு. எத்தனை பேரு கைப்பட்ட அரிசியோ, மூக்கத் தொடச்ச கை, செருப்பக் கழட்டுன கை. ஓங்கரிச்சுக்கிட்டு வருது. எம்பதாங் கல்யாணத்துல பொண்ணு வாந்தியெடுத்தான்னு ஊரு சிரிக்கும், அதனால எச்சிய முழுங்கி அடக்கிக்கிட்டு நிக்கேன்.

“ஆச்சி, கையத் தூக்குங்க” அப்படிங்கா நித்திலா. எம்மக வயித்துப் பேத்தி. வெளிநாட்டுல போயிப் படிக்கணும்னு இங்கிலீசு பரீச்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கா. கையத் தூக்குனேன். துண்டால தொடச்சா. கால்கிட்ட வந்ததும், “இது என்ன ஆச்சி பெருவிரல்ல தழும்பு, வெள்ளையா?” ன்னு கேட்டா. “எண்ணெ பட்டது” ன்னேன். “எப்பம்?” “எப்பமோ.” இனிமே ஒரு வேலைதான் பாக்கி. அந்தா பெட்டியில இருக்கே அரக்குக் கூறைச்சேலை, அதக் கட்டிக்கிட்டு வெளிய போயி உக்காந்து கழுத்தக் குனியணும், அவுக புதுத்தாலி கட்டுவாக, முத முடிச்சு அவுகளுக்கு, மிச்சம் சொர்ணத்துக்கு. கல்யாணத்துல ஒருதடவ குனிஞ்சேன், அப்பம் தரையத்தவிர எதையும் பாக்கல. அறுபதாங் கல்யாணத்துல ஒருதடவ குனிஞ்சேன், அப்பம் யோசிச்சுத்தான் குனிஞ்சேன், அதுக்கு ஒரு காரணம் வச்சிருந்தேன். இது மூணாவது. அதே காரணத்த வச்சுக்கிட்டு இன்னைக்கும் குனிஞ்சிட்டுப் போயிருவோம்னுதான் விடியக்காலையில எந்திரிச்சு எண்ணெ தேச்சுக் குளிச்சேன்.

விடியக்காலையிலயே ஆரம்பிச்சிட்டு. அவுக பல்செட்டு டம்ளர்ல கெடந்துச்சு, அதப் பாத்துக்கிட்டுத்தான் தெனமும் முழிக்கிறது, தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு இளிக்கும், அதுல ராத்திரி சாப்பிட்ட தேங்காத்துருவல் மிதக்கும், நாந்தான் கழுவிக் குடுக்கணும். அதக் கழுவிக்கிட்டு இருக்கும்போது நித்திலா புஸ்தகத்தோட வந்து, “தாத்தா, அமேஸ்டுக்கும் அஸ்டானிஷ்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஆச்சரியந்தானே?” ன்னு கேட்டா. ஒரு வருசமா அந்த மனுசனுக்கு எதுவும் நெனப்பில்ல. மகளப் பாத்து ‘நீ எந்த டிபார்ட்மெண்டும்மா’ ன்னு கேக்காக. சாப்பிட்டத மறந்து சாப்பாடு கேக்காக. ஆனா இதக் கேட்டதும் முதுகு நிமிந்துட்டு. பாளையங்கோட்டை காலேஜ்ல அத்தனை வருசம் இங்கிலீசு எடுத்த பால்வண்ணம் சாரு அப்படியே எந்திரிச்சு வந்துட்டாக. பல்லில்லாத வாயோட, எச்சித் தெறிக்கத் தெறிக்க, “அமேஸ்டுன்னா வழி தெரியாத காட்டுக்குள்ள போயி சுத்திச் சுத்திப் பாக்கிறது. கண்ணு விரியும். வாய் பேசும். இன்னும் வேணும்னு கேக்கும். அஸ்டானிஷ்டு அப்படியில்ல. அந்த வார்த்தைக்குள்ள இடி இருக்கு. இடி விழுந்தவன் எதையும் கேக்க மாட்டான்.” நித்திலா ஆன்னு பாத்துக்கிட்டு இருந்தா. “ஒரு உதாரணம் சொல்லுதேன். ஒரு லேடி” ன்னு ஆரம்பிச்சாக. அதுக்குள்ள சொர்ணம் காபியோட வந்து நீட்டிட்டா. அம்புட்டுதான். காபியப் பாத்ததும் லேடி போயிட்டா, காலேஜும் போயிட்டு.

இடி விழுந்தவன் எதையும் கேக்க மாட்டான். அது வாஸ்தவந்தான். எங்க தெருவுல தங்கம்மான்னு ஒருத்தி இருந்தா, கொழும்புக்குப் போன புருசன் செத்துட்டான்னே எல்லாரும் முடிவு கட்டியாச்சு, இவ வெள்ளச்சேலை கட்டல, அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் அவன் டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கான். தெருவே ஓடிவந்துட்டு, ஆளாளுக்கு அழுவுதாக, சிரிக்காக, அவன் தாடியத் தொட்டுத்தொட்டுப் பாக்காக. தங்கம்மா அவன ஒரு பார்வ பாத்தா, உள்ள போயி இன்னொரு பிடி அரிசியக் களைஞ்சு உலையில போட்டா. ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. எல்லாரும் அவளத் திமிர் புடிச்சவன்னு பேசுனாக. நானும் பேசியிருக்கேன். அப்பம் எனக்கு இடின்னா என்னன்னு தெரியாது. எனக்கு விழுந்தது பெறகு. எம்மக செண்பகம் கைப்பிள்ளையா இருக்கும்போது. மதுரையில இருந்து ஏதோ கமிட்டி வந்துச்சு காலேஜுக்கு, அவுகளுக்கு நம்ம வீட்டுலதான் சாயங்கால டிபன்னு இவுகளே போயி ஏத்துக்கிட்டு வந்துட்டாக. நான் மத்தியானத்துல இருந்து வாழைக்காய் சீவுதேன், கேசரி கிண்டுதேன், இடுப்புல பிள்ளை. பஜ்ஜி நல்லா வந்துச்சு, அத நானே சொல்லக்கூடாது, உப்பிக்கிட்டு, கரகரன்னு. கமிட்டியில ஒரு பெரியவரு, “அம்மா, ஐ ஆம் அமேஸ்டு” ன்னாரு. எனக்கு ஒரே சந்தோசம், பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச இங்கிலீச எடுத்து விடணும்னு ஆசை, “ஐ ஆம் அஸ்டானிஷ்டு சார்” ன்னேன். இவுக விழுந்து விழுந்து சிரிச்சாக பாருங்க. “உலகம்மை, உன் பஜ்ஜியப் புகழ்ந்ததுக்கெல்லாம் அஸ்டானிஷ்டு ஆகக்கூடாதுளா” ன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னால ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் எடுத்தாக, கிளாஸ் மாதிரி. கமிட்டி சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு வைக்கட்டுமான்னு கேட்டேன்.

கமிட்டி வண்டியேறிப் போயிட்டு. பொழுது அடைஞ்சு லைட் போட்டாச்சு. மிச்ச மாவ வீணாக்க வேண்டாம்னு கடைசி ஈடு போட்டுக்கிட்டு இருக்கேன், இவுக அடுக்களை நடைக்கு வந்து நின்னாக. அடுக்களைக்கு வராத மனுசன். “அம்பாசமுத்திரத்துல இருந்து காலேஜ் ஆபீசுக்குப் போன் வந்துச்சு. காலையிலயே. உங்கம்மா போயிட்டாகளாம். சாப்பாடு முடியட்டும்னு இருந்தேன்.” காலையிலயே. நான் வாழைக்காய் வாங்க ஆளனுப்புறதுக்கு முன்னாலயே. நான் எதையும் கேக்கல. நின்னேன். பஸ்ஸுக்கு அந்நேரம் என்ன கூட்டமோ, நின்னுக்கிட்டே போனேன், பிள்ளையோட. போயி எறங்குனா வீடு கழுவி விட்டிருக்கு. வாசல் ஈரமா இருக்கு. அண்ணன் தலையில துண்டப் போட்டுக்கிட்டு, “சொல்லிவிட்டு ஒரு பகலாச்சே, வரமாட்டியாக்கும்னு எடுத்துட்டோம்” ன்னான். அம்மா முகத்தப் பாக்கல. வாய்க்கரிசி போடல. பெத்த மக போடாத வாய்க்கரிசி. சேலையில பஜ்ஜி வாடை அடிச்சுக்கிட்டு அந்த ஈரத்துல உக்காந்திருந்தேன், எனக்கே எம்மேல நாறுச்சு. கடலமாவும் எண்ணெயுமா, அம்மா போன வீட்டுல. அதுக்குப் பெறகு நான் பஜ்ஜியத் தின்னது கெடயாது. அந்த வாடை எதுக்கால வந்தா மூக்கப் பொத்திக்கிட்டுத் தெருவ மாறி நடப்பேன்.

அப்படின்னா அறுபதாங் கல்யாணத்துக்கு ஏன் குனிஞ்சேன்னா, அதான் சொல்ல வந்தேன், அந்த அடுக்களை நடையில நின்னு சொன்னாகள்லா, சொல்லிட்டுப் போயிரல. நின்னு என்னையப் பாத்தாக. என் முகத்த, கைய, காலு வரைக்கும், மெதுவா. அப்படி ஒரு பார்வ அதுக்கு முன்னயும் பாத்ததில்ல பின்னயும் பாத்ததில்ல. கல்யாணமாகி அதுவரைக்கும் என்னைய முழுசா ஏறெடுத்துப் பாத்ததே அந்த ஒருநாள்தான்னு வைங்க. நான் என்ன நெனச்சேன்னா, தப்புப் பண்ணிட்டோம்னு உள்ளுக்குள்ள துடிக்காக, வாயிலதான் வரமாட்டேங்குது, எரக்கம் கண்ணு வழியா வருதுன்னு நெனச்சேன். அந்தப் பார்வய எடுத்து வச்சுக்கிட்டேன். கோவம் வரும்போதெல்லாம் அத எடுத்துப் பாத்துக்கிடுவேன். ஊருக்கு முன்னால என் இங்கிலீசத் திருத்தும்போது, சாம்பார்ல உப்பில்லன்னு தட்டத் தள்ளும்போது, சரி, அன்னைக்கு அப்படிப் பாத்த மனுசந்தானன்னு. மூணுவேளையும் அதத்தான் தின்னேன்னு சொல்லலாம். இப்பம் பல்செட்டக் கழுவுறதும் அத வச்சுத்தான்.

“கொசுவத்தப் புடிச்சுக்கிடுங்க ஆச்சி.” நித்திலா முட்டிபோட்டு உக்காந்து கூறைச்சேலைக்குக் கொசுவம் எடுக்கா. புதுப்பட்டு, கஞ்சி வாடை. வெளிய மைக்குல மேளத்த நிறுத்தச் சொல்லிட்டு யாரோ தொண்டையச் செருமுதாக. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் உடுப்பு மாத்துற நேரத்துல கூட்டம் எந்திரிச்சுப் பந்திக்குப் போயிரக்கூடாதுன்னு எம்மக செண்பகம் செஞ்ச ஏற்பாடு, பழைய மாணவர் பேசுவாருன்னு. வக்கீல் ஜெபசிங். நல்ல மனுசன், வரும்போதே காலத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் உக்காந்தாரு. கதவு முழுசாச் சாத்தாம ஒருச்சாச்சி இருந்துச்சு, சத்தம் அப்படியே வருது. “எங்க பால்வண்ணம் சாருக்கு எங்க செட்டுல என்ன பேரு தெரியுமா? பஜ்ஜி சாரு.” கூட்டம் சிரிக்குது. “எங்க செட்டுல மட்டுமில்ல, எங்க சித்தப்பா செட்டுலயும் அதான் பேரு, எம் மகன் செட்டுலயும் அதான் பேரு. ஏன்னா சார் எல்லா வருசமும் ரெண்டு வார்த்தைய போர்டுல எழுதுவாக. அமேஸ்டு. அஸ்டானிஷ்டு. என்னல வித்தியாசம்னு கேப்பாக. ஒருத்தனுக்கும் தெரியாது. அப்பம் சொல்லுவாக, ஒரு லேடி பஜ்ஜி சுடுதா. தின்னவன்லாம் ஆகா ஓகோங்கான். அவளுக்குக் கண்ணு விரியுது, இன்னும் ரெண்டு வைக்கட்டுமாங்கா. ஷி இஸ் அமேஸ்டு. செத்த நேரங் கழிச்சு அதே லேடிகிட்டப் போயி, உங்கம்மா செத்துப்போயிட்டான்னு சொல்லுதோம். அவ அழல. ஏன் எப்படின்னு கேக்கல. கையில அரிகரண்டி இருக்கு. அதுல இருந்து கொதிக்கிற எண்ணெ சொட்டுச்சொட்டா அவ கால் பெருவிரல்ல விழுது. அவ கால இழுக்கல. அந்தக் கால இழுக்காம நிக்காளே, அதாம்ல அஸ்டானிஷ்டு அப்படிம்பாக. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்த வார்த்த மறக்கலய்யா. கோர்ட்டுல யூஸ் பண்ணியிருக்கேன்.” கைதட்டு. விசிலடிச்சான் ஒருத்தன்.

எண்ணெ சொட்டுனது எனக்கே தெரியாது. அம்பாசமுத்திரத்துல விடிஞ்ச பெறகு கொப்புளத்தப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். அப்பம் எண்ணெ சொட்டுனதப் பாத்தது ஒரு ஆளுதான். பாத்துக்கிட்டே நின்னது ஒரு ஆளுதான். கையில இருந்து அரிகரண்டிய வாங்கி வச்சிருக்கலாம். ஏளா, கால எடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லாம, முகத்த, கைய, காலு வரைக்கும், மெதுவா. எரக்கமில்ல. குறிச்சுக்கிட்டு இருந்திருக்காக. போர்டுல எழுத. சீ. இத்தனை வருசமா எத எடுத்து எடுத்துத் தின்னேனோ அது அழுகிப்போன சாமானா இருந்திருக்கு, வாசம் தெரியாம தின்னிருக்கேன், நல்லாருக்குன்னு வேற தின்னிருக்கேன். வருசா வருசம் ஒரு கிளாஸ்ரூம் நெறைய பயலுக, மீச மொளைக்காத பயலுக, எங்கம்மா சாவக் கேட்டு சிரிச்சு, நோட்டுல எழுதி, பரீச்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கான். அந்தப் பயலுக எத்தனை பேரு வீட்டுக்கு வந்திருப்பான். மோர் ஊத்திக் குடுத்திருக்கேன். எங்கையப் பாத்து, காலப் பாத்து அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான் வெறும் சார் வீட்டம்மா. பஜ்ஜி சார்னு பேராம். நான் தெருவ மாறி நடந்த வாடைய இந்த மனுசன் பேரா வச்சுக்கிட்டு ரிட்டயர்டு ஆகியிருக்காக.

கீழ நித்திலா கொசுவம் எடுக்கிறத நிறுத்திட்டா. அவ கண்ணு எம் பெருவிரல்ல இருக்கு. பெறகு மெதுவா நிமிந்து என் முகத்தப் பாத்தா. “ஆச்சி. அந்த லேடி நீங்களா?” நான், “என்னைய அப்படிப் பாக்காதட்டி” ன்னேன். அவ சட்டுன்னு கண்ணத் தாழ்த்திக்கிட்டா. பெறகு, “அம்மாகிட்டச் சொல்லட்டுமா? நிறுத்திருவோமா?” ன்னு கேட்டா. என்னத்தன்னு நிறுத்த. இருநூறு இலைக்கு ஆக்கி வச்சிருக்கான். அவியலு இருக்கு, சொதி இருக்கு, பால்பாயாசம் இருக்கு. எல்லாரையும் எழுப்பி, உக்காருங்க, எண்ணெ சொட்டுன கதய நான் சொல்லுதேன்னு மைக்கப் புடிக்கவா. சொன்னா ஜெபசிங்கு பாவம் அந்த எடத்துலயே நொறுங்கிப்போவாரு. மத்தவுக என்ன சொல்லுவாகன்னு எனக்குத் தெரியும், விடு உலகம்மை, அவுகளுக்கே இப்பம் நெனப்பில்ல, பச்சப்பிள்ள மாதிரி ஆயிட்டாகம்பாக. அதுதான் எனக்கு இன்னும் குமட்டுது. வார்த்த நெனப்பிருக்கு, இடி நெனப்பிருக்கு, லேடி நெனப்பிருக்கு. நாந்தான் நெனப்புல இல்ல. “கட்டி முடிட்டி” ன்னேன். வெளிய போறதா வேண்டாமாங்கிறதில்ல, போகத்தான் போறேன். இந்தக் கழுத்து குனியுமாங்கிறதுதான். அத நான் யோசிக்கல. கழுத்து தானா யோசிச்சுக்கிட்டு இருக்கு, வெறச்சுப்போயி.

மணவடைக்கு வந்தாச்சு. அவுகளுக்கு வேட்டி சட்டை மாத்தி, நெத்தியில பட்டை போட்டு, பொம்மை மாதிரி உக்கார வச்சிருக்காக. வாயோரத்துல காபி காஞ்சிருக்கு, ஒருத்தரும் தொடைக்கல, நான் தொடைப்பேன்னு விட்டிருக்காக. நான் தொடைக்கல. பக்கத்துல உக்காந்தேன். முழங்கை முழங்கையில பட்டுச்சு, கூசுச்சு, சேலைய இழுத்துக்கிட்டு நகந்தேன். நித்திலா தாம்பாளத்தப் புடிச்சுக்கிட்டு எதுக்க நிக்கா, அட்சதையும் பூவும். ஐயரு தாலிய எடுத்து அவுக ரெண்டு கையிலயும் குடுத்தாரு. போட்டோக்காரன், “ஐயா, அம்மாவப் பாருங்க, சிரிச்ச மாதிரி” ங்கான். சொர்ணம் எனக்குப் பின்னால வந்து ரெண்டு கையையும் எம் பிடரிகிட்ட வச்சுக்கிட்டு, கயித்தப் புடிக்க ரெடியா, “மைனி, கொஞ்சம் குனிங்க, அண்ணனுக்கு உசரம் எட்டல” ங்கா. கெட்டிமேளம்னு ஐயரு கையக் காட்டுனாரு. மேளம் பிச்சுக்கிட்டு அடிக்கான். அப்பம்தான் அந்த மனுசன் எங்காதுகிட்ட குனிஞ்சாக. பல்செட்டு வாடை. “ஏளா” ன்னாக, ரகசியமா, கல்யாணத்தன்னைக்குப் பேசுன கொரல்ல. “எல்லாரும் வந்திருக்காக. உங்கம்மாவ எங்க காணும்?”

அந்த அரிசி மணி அந்நேரம் பாத்து நாக்குக்கு வந்துச்சு. நான் முழுங்கல. ஒரு நிமிசம் வந்துச்சு பாருங்க, சொல்லாம இருக்கவான்னு. வருவாகன்னு சொல்லிட்டு இருந்திருக்கலாம். நான் சொல்லாம வைக்கிற ஆளு இல்ல. கேட்ட ஒடனே சொன்னேன், மேளச்சத்தத்துல மத்தவுகளுக்குக் கேக்காம, அவுகளுக்கு மட்டும் நல்லாக் கேக்குற மாதிரி. “எங்கம்மா செத்துப்போயிட்டாக.”

முகத்தப் பாத்தேன். பாக்கணும்னே பாத்தேன். கண்ணு நின்னுபோச்சு. வாய் பாதியில நின்னுபோச்சு, வாயோரத்துல இருந்து எச்சி நூலா எறங்கி தாலிக்கயித்துமேல விழுது, அவுக துடைக்கல, கைய நகத்தல. அங்கதான் பாத்துக்கிட்டே இருக்கேன், முகத்த, கைய, மெதுவா, அவுக பாத்த மாதிரியே. சீன்னு எனக்கே வந்துச்சு. முந்தானைய எடுத்து அந்த வாயத் தொடச்சேன். பெறகு அந்த வாய் ஆடுச்சு. கண்ணுல தண்ணி வந்துட்டு. போட்டோக்காரன், சூப்பர் ஐயா, அப்படியே இருங்க, ஆனந்தக்கண்ணீருங்கான். “எப்பம்?” ன்னாக. “என்கிட்ட யாருமே சொல்லலியே ஏளா.”

“சாப்பாடு முடியட்டும்னு இருந்தோம்” ன்னேன்.

அவுக சரின்னு தலைய ஆட்டுனாக. ஐயரு, குனிங்கம்மா, நேரம் போகுதுங்காரு. நான் அவுக கையில இருந்து தாலிய எடுத்தேன், எச்சி பட்ட கயிறு, ரெண்டு விரலால புடிச்சு எடுத்தேன். நித்திலா தாம்பாளத்தக் கிட்டக் கொண்டாந்தா, நான் சொல்லல, அவளா கொண்டாந்தா. அரிசிக்கு மேல வச்சேன். மேளக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது, அடிச்சுக்கிட்டு இருக்கான், கூட்டம் எங்க மேல அட்சதைய எறிஞ்சுக்கிட்டு இருக்கு. பின்னால சொர்ணம், “மைனி, கயிறு எங்க, கயிறு எங்க” ன்னு எம் பிடரியத் தடவிக்கிட்டே நிக்கா.